காளான் அறையின் சீதோஷ்ணம்

(கோலார் தங்கவயலில், வீட்டிலேயே காளான் வளர்க்கப் புகும் அன்பர்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவு)



தங்கம் எடுக்க வந்த ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் இந்த மண்ணில் கால்வைத்த நாள் முதல், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட நாள் வரையில், பூமியின் வயிற்றுக்குள் இறங்கிப் பாறையின் உஷ்ணத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகிய ஒரு ஜனசமூகத்தின் நடுவே நின்று, வெப்பத்தை ஆள்வது எப்படி என்று பேச முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்த ஞானம் நம்முடைய வீடுகளிலேயே இருந்தும், அதைக் காளான் வளர்ப்பில் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் நமக்குத் தோன்றாமல் போயிற்று. அதனால் எத்தனையோ பேர் ஆவலோடு ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் கைப்பொருளை இழந்து, "இது நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிட்டார்கள். அப்படி விட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு திரும்பி வந்தவன். அந்தத் திரும்புதலுக்குக் காரணமாயிருந்த ஒரே ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்படைக்கவே வந்திருக்கிறேன்.

என் தகப்பனார் சுரங்கத்தின் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் கையாண்ட கருவி மிகவும் எளியது. ஒரு கைப்பிடியில் பக்கம் பக்கமாகப் பொருத்திய இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும், மற்றொன்றின் குமிழில் நனைந்த துணி சுற்றியிருக்கும். கிலுகிலுப்பையைப் போல அதைச் சுழற்றிவிட்டு, ஈரத்துணி சுற்றிய குமிழ் காட்டும் அளவை முதலில் படித்துக் குறித்துக்கொள்வார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குச் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கையால் தொடமுடியாத அந்தக் கல்லின் நடுவே மனிதர்கள் ஷிப்டு முழுவதும் நின்று வேலை செய்தார்களென்றால், அது மேலிருந்து குளிரச்செய்து அனுப்பப்பட்ட காற்றின் மகிமை. காற்று ஓடினால் வியர்வை உலரும். வியர்வை உலர்ந்தால் தேகம் குளிரும். காற்று நின்றுபோய், ஈரமும் நிறைந்துவிட்டால், பாறையின் உஷ்ணம் மனிதனை வெல்லும். பாறை எவ்வளவு சூடாக இருக்கிறதென்பதைக் காட்டிலும், அந்தச் சூட்டை எடுத்துப்போகக் காற்று இருக்கிறதா என்பதே உயிருக்கு ஆதாரம் என்பது அவர் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி ஊட்டிய பாடம்.

காளானின் சங்கதியும் இதுவே.

செடி கொடிகள் சூரிய ஒளியை உண்டு வளர்கின்றன. காளானுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது வைக்கோலைத் தின்று, நம்மைப்போலவே பிராணவாயுவை உள்வாங்கி, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. அடுப்பில் விறகு ஒரு மணி நேரத்தில் எரிந்து தருகிற வெப்பத்தை, வித்திட்டுப் பையில் அடைத்த படுக்கையிலுள்ள வைக்கோல் பல நாட்களில் மெல்ல மெல்லத் தருகிறது என்று கொண்டால், ஒவ்வொரு காளான் படுக்கையும் சுடர் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும் ஓர் அடுப்பு. ஆகவே அறையின் சுவரில் தொங்கும் வெப்பமானி காட்டுவது அறையின் வெப்பம் மாத்திரமே. காளானின் இழைகள் அநுபவிக்கும் வெப்பம் படுக்கையின் நெஞ்சில் இருக்கிறது. வித்து வேகமாகப் பரவும் நாட்களில் அந்த உள்வெப்பம் அறையின் வெப்பத்தைவிட 2 முதல் 5 டிகிரி வரையில் கூடுதலாக நிற்பது சகஜம்; நெருக்கி அடுக்கிவிட்டாலோ அதற்கும் மேலே ஏறும். இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் இளைஞர் என்னிடம், மூடிக்கிடக்கும் நம் சுரங்கங்களிலேயே காளான் வளர்க்கலாகாதா என்று கேட்டார். ஆதாரமில்லாத கேள்வியன்று அது. பாரிஸ் நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டில், கட்டடக் கல் எடுத்துக் கைவிட்ட நிலவறைகளில் மொட்டுக் காளானை ஏராளமாக விளைவித்தார்கள். அந்த நிலவறைகள் அதிக ஆழமில்லாதவை. கோடையிலும் பனியிலும் ஒரே சீராக 14 டிகிரியை ஒட்டியே இருப்பவை. மொட்டுக் காளான் வேண்டுவதும் ஏறக்குறைய அதுவே. ஆக, பூமி அவர்களுக்குச் செலவில்லாமல் குளிர்ச்சியைக் கொடுத்தது. நம்முடைய பூமியோ ஆழம் செல்லச் செல்ல உஷ்ணத்தைக் கொடுத்தது. தண்ணீரை இறைத்துக் கொட்டிய பம்புகள் நின்றபின் ஆழத்து வழிகள் நீரில் மூழ்கியும் போயின. ஆகையால் நமக்கு வாய்த்த இடம் நம்முடைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் பின்னறை, தகரக் கூரைத் தாழ்வாரம், முற்றத்து ஓலைக்கொட்டகை ஆகியவையே. அதற்கேற்ற காளானைத் தேர்ந்துகொள்வதே முதல் விவேகம்.

நம் நாட்டு விஞ்ஞானிகள் இந்த விவேகத்தை நமக்கு முன்பே கடைப்பிடித்தார்கள். கோயம்புத்தூரில் தாமஸும் அவரோடு பணியாற்றியவர்களும் 1943-இல் வைக்கோல் காளானை வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். அது 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் செழிப்பது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஜாகியா பானு, ஸ்ரீவாஸ்தவா என்ற இருவரும் 1962-இல் நெல் வைக்கோலில் சிப்பிக் காளானை வளர்த்துக் காட்டினார்கள். நம் வீட்டு வளர்ப்பு முறைக்கு அதை ஆதாரமென்றே சொல்லலாம். வங்காளத்தில் புர்காயஸ்தாவும் சந்திராவும் 1974-இல் பால் காளானை விவரித்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதிலிருந்து ஏ.பி.கே. 2 என்ற இரகத்தை 1998-இல் வெளியிட்டது. மேனாட்டிலிருந்து வந்த மொட்டுக் காளானுக்கு மாத்திரம் இமயமலைச் சாரலிலுள்ள சோலனும், நம்முடைய உதகையும் இடம் கொடுத்தன. இந்த வரலாறு முழுவதிலும் ஒரே நியதி ஓடுகிறது: சமவெளியைக் குளிர வைக்க முயலாமல், சமவெளியின் வெப்பத்தைத் தாங்கும் காளானைத் தேடிக் கண்டார்கள்.

இப்பொழுது அளவுகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மொட்டுக் காளான் வித்துப் பரவுவதற்கு 22 முதல் 25 டிகிரியும், மொட்டு விட்டு வளர்வதற்கு 14 முதல் 18 டிகிரியும் வேண்டும். குளிர்சாதன வசதியில்லாத புதியவர் இதைத் தொடவே வேண்டாம். சிப்பிக் காளான் வித்துப் பரவ 25 முதல் 30 டிகிரியும், காளான் வளர 20 முதல் 28 டிகிரியும் போதும். பால் காளான் 30 முதல் 35 டிகிரியில் களிப்போடு வளரும். குளிர் வந்தால் சுணங்கிவிடும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்திலிருக்கும் நம்முடைய ஊரில், கார்காலமும் குளிர்காலமும் சிப்பிக் காளானுக்கு இயல்பாகவே இசைந்தவை. மார்ச்சு முதல் மே வரையில் தகரத்தின் கீழ் நிலவும் உஷ்ணம் பால் காளானுக்கு ஏற்றது. ஆறு மாதம் ஓர் அறையோடு சண்டையிடுவதைவிட, பருவம் மாறும்போது வித்தை மாற்றிக்கொள்வது எளிது, செலவும் குறைவு.

என்னுடைய முதல் முயற்சி நான் இதை அறியாத காலத்தில் நடந்தது. ஏப்ரல் மாதத்தில், தகரக் கூரை வேய்ந்த அறையொன்றில், சிப்பிக் காளானுக்காக இருபது படுக்கைகள் தயார் செய்தேன். இடம் போதாதென்று அவற்றைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூட்டை அடுக்குவது போல அடுக்கி, குளிர்ச்சி வெளியே போய்விடுமென்று பயந்து சன்னலையும் சாத்திவைத்தேன். சுவரிலிருந்த வெப்பமானி 33 டிகிரி காட்டிற்று. கொஞ்சம் அதிகந்தான், சமாளித்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். ஆறாம் நாள் கதவைத் திறந்தபோது புளித்த கஞ்சியின் வாடை முகத்தில் அறைந்தது. அடுக்கின் நடுவிலிருந்த பையைக் கையில் எடுத்தேன். காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்டது போலிருந்தது. வெப்பமானியை அதனுள்ளே செருகினேன். பாதரசம் 41-இல் போய் நின்றது. வெள்ளை வெளேரென்று பரவியிருக்க வேண்டிய இழைகள் மஞ்சளித்து நீர் கசிந்து கிடந்தன. அடுத்த வாரத்துக்குள் பச்சைப் பூசணம் பையெங்கும் படர்ந்தது. சிப்பிக் காளானின் இழைகள் 40 டிகிரியை அடுத்த உஷ்ணத்தில் மடிந்துபோகும். வித்துக் கெட்டது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். நல்ல வித்தை அடுப்பின்மேல் அடுப்பாக அடுக்கி நானே வேகவைத்தேன் என்பது பின்னரே விளங்கிற்று.

ஆகவே படுக்கையின் பருமனையும் இடைவெளியையும் பற்றிச் சற்று விரிவாகப் பேசுகிறேன். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பாலிதீன் பையில் வைக்கோலையும் வித்தையும் மாறி மாறி இட்டு நிரப்பிக் கட்டுவது வழக்கம். நிரம்பிய பை உருளையாகும்போது அதன் விட்டம் சுமார் 19 சென்டிமீட்டர். மையத்தில் பிறக்கும் வெப்பம் வெளியேற ஒன்பதரை சென்டிமீட்டர் தூரந்தான் கடக்க வேண்டும். சிக்கனமென்று எண்ணி இருமடங்கு விட்டமுள்ள பையை எடுத்தால், உள்ளே எரியும் வைக்கோல் நான்கு மடங்காகிறது. வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ இரண்டே மடங்காகிறது. பெரிய பை புதியவர்களை ஏமாற்றுவதன் கணக்கு இவ்வளவே. பைகளைத் தரையில் கிடத்தாமல், கயிற்றில் தொங்கவிடுங்கள், அல்லது மூங்கில் தட்டுகளில் ஒற்றை வரிசையாக வையுங்கள். இரண்டு பைகளுக்கிடையே கை தாராளமாகப் போய்வர இடம் இருக்கட்டும். அந்த இடைவெளியில் ஓடும் காற்றுத்தான் சுரங்கத்தில் நம் முன்னோருக்கு உயிர் கொடுத்த காற்று.

வெப்பத்தின் பரீட்சை வித்திடுவதற்கு முன்பே ஆரம்பமாகிறது. ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிய வைக்கோலை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, வடியவிடுகிறோம். நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் கேழ்வரகுத் தாளும் இதற்கு உதவும். வடித்த குவியலின் மேற்புறம் சீக்கிரம் ஆறிவிடும். நடுப்பாகமோ இட்லிக் கொப்பரையைப் போல வெகுநேரம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். மேலே தொட்டுப் பார்த்துவிட்டு வித்தைத் தூவுகிறவர், உயிருள்ள வித்தைச் சுடுசோற்றில் புதைத்தவராகிறார். குவியலைக் கிளறி, சுத்தமான விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி, முழங்கை வரை உள்ளே விட்டாலும் வெதுவெதுப்புத் தெரியாத நிலை வந்தபிறகே வித்தை எடுங்கள். ஒரு பிடி வைக்கோலை அழுத்திப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. பிடித்த கையில் ஈரம் மாத்திரம் தெரிய வேண்டும். வித்தையும் அப்படியே காக்க வேண்டும். பெங்களூரிலிருந்து வாங்கிவருகிறவர்கள் மத்தியான வெயிலில் மூட்டையாகக் கட்டிச் சுமந்து வராமல், விடியற்காலையிலோ மாலையிலோ, பைகளுக்கிடையே காற்றுப் புகும்படி வைத்துக் கொண்டுவருவது நன்று. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் வித்தும் பயிற்சியும் கிடைக்கின்றன. ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.

வித்துப் பரவி, பை முழுவதும் வெள்ளைப் போர்வை போர்த்தியது போலாவதற்குப் பதினைந்து முதல் இருபது நாள் செல்லும். அந்த நாட்களில் இருளும் மிதமான வெதுவெதுப்பும் போதும். பிறகு காளான் அரும்பும் காலத்தில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே வேண்டும்: வெப்பம் சில டிகிரி இறங்க வேண்டும், காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 80 முதல் 90 வரையில் நிற்க வேண்டும், புதிய காற்றும் மிதமான வெளிச்சமும் உள்ளே வர வேண்டும். முடிந்தவர்கள் இரண்டு அறைகள் வைத்துக்கொள்ளலாம். முடியாதவர்கள் ஒரே அறையைச் சாக்குத் திரையால் இரண்டாகத் தடுத்துக்கொள்ளலாம்.

அறையைக் குளிர வைக்க நாம் செய்வதெல்லாம் தரையில் மணல் பரப்பி நீர் தெளிப்பதும், சன்னலில் நனைந்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுவதுமே. இது எவ்வளவு பலன் தரும் என்பதை என் தகப்பனாரின் ஈரக்குமிழ் முன்கூட்டியே சொல்லிவிடும். ஏப்ரலில் வெளியே 35 டிகிரியும், ஈரப்பதம் நூற்றுக்கு 30-உம் இருந்தால், ஈரக்குமிழ் ஏறக்குறைய 22 டிகிரி காட்டும். நனைந்த சாக்கின் வழியே காற்று வீசினால் அறை அந்த எல்லையை நோக்கி இறங்கும், முழுவதும் எட்டாவிட்டாலும் 27 அல்லது 28 வரையில் வந்துவிடும். அக்டோபர் மழையில் வெளியே 28 டிகிரியும், ஈரப்பதம் நூற்றுக்கு 80-உம் இருந்தால், ஈரக்குமிழ் 25-ஐ ஒட்டி நிற்கும். அப்பொழுது எத்தனை குடம் நீர் கொட்டினாலும் மூன்று டிகிரிக்கு மேல் இறங்காது. படுக்கைகள் நீர் கோத்து அழுகுவதே மிச்சம். காய்ந்த நாளில் நீரால் குளிர வையுங்கள்; ஈரமான நாளில் காற்றால் குளிர வையுங்கள். காய்ந்த நாளிலும் சன்னலை அடைத்துவிட்டுச் சாக்கை நனைப்பது வீண். ஓடாத காற்றில் ஈரம் உலர்வதில்லை, உலராத ஈரம் குளிர்விப்பதில்லை. தகரக் கூரை உடையவர்கள் அதன்மேல் தென்னங்கீற்றோ வைக்கோலோ பரப்பிவிட்டால், தண்ணீர் செய்யவேண்டிய வேலையில் பாதியை நிழலே செய்துவிடும்.

காற்றுக் குறைந்தால் காளான் தன் வடிவத்தாலேயே முறையிடும். கரியமில வாயு தங்கிய அறையில் தண்டு நீண்டு, குடை சிறுத்து, ஊதுகுழலைப் போல நிற்கும். ஈரம் குறைந்தால் ஊசி மொட்டுகள் நுனி கருகிக் காய்ந்துபோகும். உஷ்ணம் மிகுந்தால் குடை மெலிந்து, ஓரம் சுருண்டு, ஒரே நாளில் முதிர்ந்துவிடும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, வெளிக்காற்று இதமாயிருக்கும் வேளையில் கதவையும் எதிர்ச் சன்னலையும் திறந்து அரைமணி நேரம் காற்றை ஓடவிடுங்கள். குடை விரிந்து தட்டையாகுமுன் பறித்துவிடுங்கள். முதிர்ந்த சிப்பிக் காளான் உதிர்க்கும் வித்துத்தூள் அறையில் நிறைந்து இருமலை உண்டாக்கும். சுரங்கத் தூசியினால் நெஞ்சு கெட்டவர்களைப் பார்த்து வளர்ந்த நாம் இதை அலட்சியம் செய்யலாகாது. அறைக்குள் போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நல்ல வழக்கம்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் நம்முடைய ஊர் 15 டிகிரி வரையில் குளிர்ந்துவிடும். அப்பொழுது, கோடையில் நாம் அஞ்சிய அந்த உள்வெப்பமே நமக்குத் துணையாகிறது. வித்துப் பரவும் படுக்கைகளை இரவில் கொஞ்சம் நெருக்கி வைத்துச் சாக்கால் போர்த்துங்கள். அவை ஒன்றுக்கொன்று கணப்பாக இருக்கும். காலையில் மறுபடியும் விலக்கி வையுங்கள். ஆனால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: மூடிய அறையில் கரியடுப்பு வைத்துச் சூடேற்ற ஒருபோதும் நினைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. உள்ளே போனவர் திரும்பி வரமாட்டார்.

கோடைக்குரிய பால் காளானைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வித்து முழுதும் பரவியபின் உருளைப் படுக்கையைக் குறுக்கே இரண்டாக அறுத்து, ஆவியில் வேகவைத்து ஆறிய மண்ணை ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் மேலே பரப்பி, ஈரம் காயாமல் காத்துவர வேண்டும். வெளிச்சம் அதற்கு அவசியம். ஆகையால் சமவெளியில் நீலநிறப் பாலிதீன் விரிப்பால் கூரையிட்டு, தரையைச் சற்றுப் பள்ளமாக்கிய குடில்களில் இதை வளர்க்கிறார்கள். பறித்தபின் சிப்பிக் காளானைவிட அதிக நாள் வாடாமலிருப்பதால், விற்பனைக்கும் அநுகூலமானது. உங்களுடைய மே மாதத்தை வீணாக்காமல் காப்பாற்றப்போவது இதுவே.

அன்பர்களே! முதல் மாதத்தில் இருபது படுக்கைகள் வேண்டாம், ஐந்து போதும். இரண்டு வெப்பமானிகள் வாங்குங்கள். ஒன்று அறைக்கு, ஒன்று படுக்கைக்கு. படுக்கைக்குரியதைச் சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து, பையின் நடுவில் துளையிட்டு மையம் வரையில் செருகி, துளையைச் சுற்றிப் பஞ்சு அடைத்துவிடுங்கள். காலை, நடுப்பகல், இரவு மூன்று வேளையும் இரண்டு அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டினால் படுக்கைகளை விலக்குங்கள். சிப்பிக் காளான் படுக்கையின் உள்வெப்பம் 32-ஐத் தாண்டினால் கதவைத் திறந்து காற்றை விடுங்கள். 35-ஐ நெருங்கினால் அந்தப் பையை வெளியே நிழலில் தொங்கவிடுங்கள். நாற்பது நாள் இப்படி எழுதினால், உங்களுடைய அறையின் சுபாவம் எந்த நிபுணருக்கும் தெரியாத அளவுக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிழக்குச் சுவர் எத்தனை மணிக்குச் சூடேறுகிறது, எந்த மூலையில் காற்று நிற்கிறது என்பதையெல்லாம் அந்த நோட்டே சொல்லும்.

என் தகப்பனார் சுழற்றிய கருவி இன்று என்னிடம் இல்லை. அவர் எழுதிய அட்டைகளும் சுரங்கத்தோடு போயின. ஆனால் என் காளான் அறையின் கதவருகே ஆணியில் ஒரு நோட்டுத் தொங்குகிறது. அதில் அவருடைய முறைப்படியே நாளும் வேளையும் எழுதி, காய்ந்த குமிழின் அளவை ஒரு பத்தியிலும், ஈரக்குமிழின் அளவை அடுத்த பத்தியிலும் குறிக்கிறேன். அவருடைய அட்டையில் இல்லாத மூன்றாம் பத்தியொன்றைப் படுக்கையின் உள்வெப்பத்துக்காக நான் சேர்த்துக்கொண்டேன். பூமிக்கடியில் மனிதர்களைக் காத்த அந்தக் கணக்கு, இப்பொழுது பூமியின்மேல் ஒரு சிறிய உயிரைக் காக்கிறது. உங்களுடைய வீடுகளிலும் அப்படியொரு நோட்டுத் தொங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.